மருங்காபுரிக்குப் பக்கத்து மலை: விராலிமலை ஆறுமுகனைப் பார்க்கப் போறீங்களா?

 

விராலிமலைன்னு சொன்னா நம்ம பசங்க உடனே கேட்கிற கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். "சுருட்டு முருகன் கோயிலா அது?" அந்த வீடியோ எல்லார் போனுக்கும் வந்திருக்கும். ஆனா அந்த மலையில் சுருட்டுக்கு மேலேயும் தெரிஞ்சுக்க நிறைய இருக்கு.

முதலில் வழி. மருங்காபுரியிலிருந்து துவரங்குறிச்சி பக்கம் போய், மதுரை – திருச்சி நெடுஞ்சாலையைப் பிடித்து வடக்கே வந்தால் விராலிமலை. திருச்சியிலிருந்து வருபவர்களுக்கு சுமார் 30 கி.மீ. இப்போது புதுக்கோட்டை மாவட்டம். நம்ம மருங்காபுரியோ திருச்சி மாவட்டம். ஒரு காலத்தில் பாளையம், பிறகு ஜமீன். எல்லைக்கோடு வேறு என்றாலும் மண் ஒன்றுதான்: செம்மண், கண்மாய், இடையிடையே திடீரென்று எழும்பி நிற்கும் மொட்டைப் பாறைகள். இவை மலைத்தொடர் இல்லை. சுற்றியிருந்த மெதுவான பாறையும் மண்ணும் பல லட்சம் வருஷ மழையிலும் வெயிலிலும் கரைந்து போக, கரையாத கடினப்பாறை மட்டும் தனியாக நின்றுவிட்டது. நம்ம மலைக்கோட்டையும் அதே மாதிரிதான்.

விராலி என்பது ஒரு செடி. வறண்ட கரட்டில் தானாக வளரும் புதர். எலும்பு முறிவுக்கு அதன் இலையை வைத்துக் கட்டும் வழக்கம் கிராமங்களில் உண்டு. அந்தச் செடியின் பேர்தான் மலைக்கும் வந்தது என்பார்கள்.

படிகள் 207. பயப்பட வேண்டாம், மெதுவா ஏறினா பாட்டிகளே ஏறிடுறாங்க. குரங்குகளிடம் மட்டும் பையை பத்திரமா பிடிச்சுக்கோங்க. மேலே ஆறுமுகமும் பன்னிரு கைகளுமாக, மயில் மேல் வள்ளி தெய்வானையோடு சண்முகநாதர். வயலூரில் இருந்த அருணகிரிநாதரை "விராலிமலைக்கு வா" என்று முருகன் அழைத்ததாகவும், வழி தெரியாமல் நின்றவருக்கு வேடன் உருவில் வந்து வழி காட்டியதாகவும் சொல்வார்கள். இந்த மலை மேல் அவர் பாடிய திருப்புகழ்கள் பல இருக்கின்றன.

சுருட்டு கதை இதுதான். கருப்பமுத்து என்ற அடியார் தரிசனத்துக்கு வரும் வழியில் மழை, ஆற்றில் வெள்ளம். குளிரில் நடுங்கி நின்றவரிடம் ஒருவர் வந்து சுருட்டு கேட்டு வாங்கிக்கொண்டு, ஆற்றைக் கடக்க உதவினார். கோயிலுக்கு வந்து பார்த்தால் சன்னதியில் அதே சுருட்டு! கேலி பண்ண இதில் ஒண்ணும் இல்லை. தன்னிடம் இருந்ததை அவர் கொடுத்தார், அவ்ளோதான்.

நான் உண்மையில் சொல்ல வந்தது வேறு. இந்தக் கோயிலில் சதிர் ஆடிய பெண்கள் 32 பேர் இருந்தார்கள். அவர்களில் கடைசியாக எஞ்சியவர் முத்துக்கண்ணம்மாள். ஏழு வயதில் பொட்டுக்கட்டி கோயிலுக்குக் கொடுக்கப்பட்டவர். தினமும் படியேறிப் போய் முருகன் முன் பாடி ஆடியிருக்கிறார். 1947-ல் சென்னை மாகாணம் பொட்டுக்கட்டும் வழக்கத்தைச் சட்டம் போட்டு நிறுத்தியது. 1948-ல் புதுக்கோட்டை சமஸ்தானமும் இந்தியாவோடு இணைந்தது. அந்த வழக்கம் நின்றது நல்லதுதான், அதில் எனக்கு ரெண்டாவது பேச்சே இல்லை. ஆனால் ஆடியவர்களின் பிழைப்புக்கும், அவர்கள் கையிலிருந்த கலைக்கும் என்ன வழி என்று யோசித்தவர்கள் குறைவு. 2022-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தபோது எத்தனை வருஷம் கடந்துவிட்டது பாருங்க. மகா சிவராத்திரியில் இங்கே ஆடப்பட்ட விராலிமலைக் குறவஞ்சி, முருகன் மேல் காதல் கொண்ட பெண்ணுக்குக் குறத்தி குறி சொல்லும் நாடகம். அவர் பாடி ஆடும் பதிவுகள் யூடியூபில் இருக்கு. ரீல்ஸ் பார்க்கிற நேரத்தில் பத்து நிமிஷம் அதைப் பாருங்க.

அப்புறம் மயில். விராலிமலை மயில்களுக்குப் பேர் போனது. 1963 முதல் தேசியப் பறவை, 1972 சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பறவை. மயில் கூடு கட்டுவது மரத்தில் இல்லை, தரையில், புதருக்குள். புதரை அழித்துவிட்டு "முருகன் வாகனம்"னு ஸ்டேட்டஸ் போட்டா அது எங்கே முட்டை வைக்கும்? இன்னொரு பக்கமும் உண்டு. மயில் விதையைக் கொத்தினால் நஷ்டம் விவசாயிக்குத்தான். எங்க ஊர்ப் பக்கம் கடலை போட்டவரிடம் போய் "வாகனம்தானே, சாப்பிடட்டும்" என்று நான் ஒருமுறை சொல்லி, நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். அவர் கேட்டது, "விதைக்கு நீ காசு தர்றியா தம்பி?" பதில் சொல்ல முடியலை. ஆண் மயில் தோகையை வருஷத்துக்கு ஒருமுறை தானே உதிர்க்கும், அதனால் இறகுக்காக எந்த மயிலையும் துரத்த வேண்டாம்.

நேரம் இருந்தா பக்கத்திலேயே கொடும்பாளூர். மதுரைக்குப் போகும் வழி மூன்றாகப் பிரியும் இடமாகச் சிலப்பதிகாரம் சொல்லும் ஊர் இது. 10-ம் நூற்றாண்டில் பூதி விக்கிரமகேசரி என்ற இருக்குவேள் மன்னர் தன் பேரிலும் தேவியர் இருவர் பேரிலும் கட்டிய மூவர் கோயிலில் இன்று ரெண்டு விமானம்தான் நிற்கிறது. மூணாவதுக்கு அடித்தளம் மட்டும்.

மதியம் நடை சாத்திடுவாங்க, காலையிலேயே கிளம்புங்க. திரும்பும்போது மணப்பாறை வழியா வந்தா முறுக்கு வாங்க மறக்காதீங்க.

வேல் முருகனுக்கு அரோகரா!