சித்திரையில் இரைச்சல், ஐப்பசியில் விரல்வலி

கேள்வி: ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் அக்கூஸ்டிக் கிட்டார் ஒன்று வாங்கினேன். வாரம் இரண்டு நாள் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் இராஜபாளையத்துக்கு வகுப்புக்குப் போகிறேன். சித்திரை வெயிலில் கம்பிகள் ‘ஜ்ர்ர்’ என்று இரைகின்றன. ஐப்பசி மழையில் அதே கம்பிகள் மேலே ஏறிக்கொள்கின்றன, அழுத்தினால் விரல் நோகிறது. கழுத்து வளைந்துவிட்டது, இனி உதவாது என்கிறான் நண்பன். வீட்டில் தேங்காய் எண்ணெய் தடவச் சொல்கிறார்கள். தினமும் கம்பியைத் தளர்த்தி வைக்க வேண்டும் என்றும் ஒருவர் சொன்னார். எது சரி?

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் கிட்டார் கெட்டதாகத் தெரியவில்லை. பருவத்துக்குப் பருவம் மாறுகிறது என்பதே அதற்கு அடையாளம். மழைக்காலத்துக் கதவு நிலையில் இறுக்கிக்கொள்வதும், கோடையில் தானாக இளகுவதும் நமக்குப் பழக்கம்தானே? கிட்டாரின் மேல்பலகை மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவான மரம். ஈரம் குடித்தால் உப்பும், அதன் மேல் ஒட்டி கம்பிகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் உயரும், கூடவே கம்பியும் உயரும். காய்ந்தால் பலகை தாழும், கம்பி ஃப்ரெட்டில் உரசி இரையும்.

கிட்டாருக்கு ஏற்ற காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம். சிறிய டிஜிட்டல் ஈரப்பதமானி ஒன்றை கிட்டார் பைக்குள் போட்டுவையுங்கள். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் மழை கொட்டும் ஆனி, ஆடியில் நமக்குப் பெரும்பாலும் காற்றுதான். நம் மழை ஐப்பசி, கார்த்திகையில். கோடையில் அளவு 40-க்குக் கீழே போனால், துளையிட்ட சோப்பு டப்பாவில் நன்றாகப் பிழிந்த ஈர ஸ்பாஞ்சை வைத்துப் பைக்குள் போடுங்கள். தண்ணீர் சொட்டக் கூடாது. மழையில் 60-ஐத் தாண்டினால் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போதும்.

கழுத்து வளைந்ததா என்று நீங்களே பார்க்கலாம். தடித்த ஆறாவது கம்பியை முதல் ஃப்ரெட்டிலும், கழுத்து உடலோடு சேரும் ஃப்ரெட்டிலும் அழுத்திப் பிடியுங்கள். ஏழாவது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடைவெளி இருந்தால் கழுத்து சரி. அதைவிட அதிகமென்றால் கழுத்துக்கு உள்ளே இருக்கும் டிரஸ் ராட் என்ற உலோகத் தண்டை முறுக்க வேண்டும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் கூடாது. பழக்கமில்லை என்றால் உங்கள் ஆசிரியரை வைத்துக்கொண்டே செய்யுங்கள்.

அடுத்தது வெயில். வீணை வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். வீணையின் பித்தளை மெட்டுகள் மெழுகில் பதிந்தவை, சூடு பட்டால் மெழுகு இளகி மெட்டு நகரும். கிட்டாரில் மெழுகு இல்லை, பசை உண்டு. வெயிலில் நிறுத்திய காருக்குள் அந்தப் பசையும் இளகும். ஆறு கம்பிகளும் சேர்ந்து இழுக்கும் இழுவை சுமார் 70 கிலோ. ஓர் ஆள் இரவும் பகலும் பிரிட்ஜைப் பிடித்துத் தொங்குவது மாதிரி. பசை இளகினால் பிரிட்ஜ் பெயரும். ஆகவே பஸ்ஸில் வெயில் படாத பக்கம் உட்காருங்கள். மெல்லிய உறையை விட்டுவிட்டு, பஞ்சு வைத்த பை வாங்குங்கள்.

தினமும் கம்பியைத் தளர்த்த வேண்டாம். அந்த இழுவையைத் தாங்கத்தான் கழுத்தைச் செய்திருக்கிறார்கள். மாதக்கணக்கில் எடுக்கப்போவதில்லை என்றால் மட்டும் ஒன்றிரண்டு சுருதி இறக்கி வையுங்கள்.

தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். பிசுபிசுத்து அழுக்கைப் பிடித்துக்கொள்ளும், நாளடைவில் சிக்கு வாடையும் வரும். பல கிட்டார்களின் விரல்பலகை ரோஸ்வுட். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி மரமும் ரோஸ்வுட்தான். வெளிநாட்டில் செய்த கிட்டார்களிலும் அதைப் பார்க்கலாம். ரோஸ்வுட் பலகைக்கு வருடத்தில் இரண்டு தடவை, இசைக்கருவிக் கடையில் கிடைக்கும் லெமன் ஆயில் நாலு சொட்டு தடவி, ஐந்து நிமிடத்தில் துடைத்துவிடுங்கள். வீட்டு எலுமிச்சைச் சாறு அல்ல, அது அமிலம்! பளபளப்பாக வார்னிஷ் பூசிய மேப்பிள் பலகைக்கு எந்த எண்ணெயும் தேவையில்லை.

கம்பிக்கு எதிரி வியர்வை. வாசிக்கும் முன் கை கழுவுங்கள். நீங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் என்பதால் தனியாகச் சொல்கிறேன், பால்கோவா தின்ற கையோடு தொடாதீர்கள். வாசித்து முடித்ததும் ஒவ்வொரு கம்பியையும் மேலும் கீழுமாகத் துடையுங்கள். இராஜபாளையம் பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணியை நாலாக மடித்தால் அதைவிட நல்ல துணி கிடையாது. தினம் ஒரு மணி நேரம் வாசித்தால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு செட் மாற்றுங்கள். கம்பி கறுத்தாலோ, சுருதி நிற்காவிட்டாலோ அதற்கு முன்பே மாற்றலாம். நைலான் கம்பிக்கென்று செய்த கிட்டாரில் மட்டும் ஸ்டீல் கம்பி போட்டுவிடாதீர்கள், பலகை தாங்காது.

கடைசியாக ஒன்று. மாதம் ஒரு தடவை பிரிட்ஜின் பின் விளிம்பில் ஒரு காகிதத்தை நுழைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றால் கவலையின்றி வாசியுங்கள். நுழைந்தால் அன்றே எல்லாக் கம்பிகளையும் தளர்த்திவிட்டு, பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். பசை போட்டு அழுத்திவைத்தால் சரியாகிவிடும் வேலை அது. தள்ளிப்போட்டால் பிரிட்ஜ் பலகையையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வரும்.