சக்கரம் எங்கே உரசுகிறது?

ஈக்காட்டுத்தாங்கலில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவரிடம் என் நண்பர் தம் பழைய ஹெரால்டு காரைக் கொண்டுபோனார். நானும் உடன் சென்றேன். பின் இருக்கையில் இருவர் அமர்ந்து, வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் போதும். பின்சக்கரத்திலிருந்து 'கர்ர்' என்று ஓசை, கூடவே ரப்பர் கருகும் நாற்றம்.

"மட்கார்டு விளிம்பு இடிக்குது சார். தட்டி மடிச்சு விட்டாச் சரியாப் போயிடும்" என்றார் மெக்கானிக். சுத்தியலும் கைக்கு வந்துவிட்டது.

ஹெரால்டை உங்களில் பலர் பார்த்திருக்கமாட்டீர்கள். இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டைத் தழுவி, ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் சென்னையில் தயாரித்த கார் அது. 1962-இல் இங்கிலாந்தில் வெளிவந்த ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் இதன் தங்கை எனலாம். பின்சக்கர அமைப்பு இரண்டிற்கும் ஒரே வகை.

உரசல் சிறிய தொல்லை என்று எண்ணிவிடாதீர்கள். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் டயரின் பரப்பு வினாடிக்கு 11 மீட்டர் வீதம் ஓடுகிறது. அவ்வேகத்தில் தகட்டில் தேய்ந்தால் ரப்பர் சூடேறும். உள்ளிருக்கும் இழைகள் அறுபடும். ஓடும்போதே டயர் வெடிக்கவும் கூடும்.

தட்டுவதற்கு முன் எங்கே உரசுகிறது என்று பார்த்துவிடலாமே என்றேன். டயரின் இரு தோள்களிலும் சாக்கட்டியால் குறுக்குக் கோடுகள் போட்டோம். மட்கார்டின் உட்புறத்தில் ஆங்காங்கே களிமண் உருண்டைகளை ஒட்டினோம். இருவரைப் பின்னால் அமர்த்தி ஒரு சுற்றுப் போய்வந்ததும் பார்த்தால், வெளித்தோளில் கோடுகள் அப்படியே இருந்தன. உள்தோளில் அழிந்திருந்தன! களிமண்ணும் உட்சுவரில்தான் நசுங்கியிருந்தது. சுத்தியல் கீழே போயிற்று.

காரணம் வெறும் வடிவகணிதம்தான். பெரும்பாலான பழைய கார்களில் இரு பின்சக்கரங்களையும் ஒரே இரும்பு அச்சு இணைக்கும். ஹெரால்டில் அப்படியில்லை. நடுவிலுள்ள பற்சக்கரப் பெட்டியிலிருந்து இருபுறமும் தனித்தனி அரை அச்சுகள், கதவு கீலில் ஆடுவதுபோல மேலும் கீழும் ஆடும். அரை அச்சின் நீளம் ஏறக்குறைய 50 செ.மீ. சக்கரம் அதனோடு செங்குத்தாகப் பொருந்தியிருப்பதால், அச்சு மேலே சாய்ந்தால் சக்கரத்தின் தலை உள்ளே சாயும். ஆள் நிறைந்த ஹெரால்டின் பின்சக்கரங்கள் கூரைபோலச் சாய்ந்திருந்ததைப் பெரியவர்கள் நினைவுகூர்வார்கள்.

எவ்வளவு சாயும்? ஒத்த முக்கோணங்களை நினைத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தில் சக்கரம் 5 செ.மீ. மேலேறுவதாகக் கொள்வோம். சக்கரத்தின் ஆரம் 29 செ.மீ. எனவே தலை உள்ளே நகரும் தூரம் 29 × 5/50 = 2.9 செ.மீ. வெறும் வண்டியில் உட்சுவருக்கும் டயருக்கும் நாங்கள் அளந்த இடைவெளி 2.5 செ.மீ. உரசாமல் என்ன செய்யும்?

நண்பர் அழகுக்காக 155 மி.மீ. டயரைக் கழற்றிவிட்டு 185 மி.மீ. டயர் போட்டிருந்தார். அகலம் 30 மி.மீ. கூடினால் உட்பக்கம் மட்டும் 15 மி.மீ. போய்விடும். அந்த ஒன்றரை செ.மீ. இருந்திருந்தால் இடைவெளி 4 செ.மீ.; 5 செ.மீ. ஏறினாலும் 1.1 செ.மீ. மிஞ்சும்.

"அப்படின்னா வில்லுல ஒரு பட்டை கூடப் போட்டு வண்டியைத் தூக்கிடலாம் சார்" என்றார் மெக்கானிக். புத்திசாலித்தனமான யோசனைதான், ஆனால் ஆபத்து இதில்தான் இருக்கிறது. வண்டியின் பின்புறத்தைத் தூக்கினால் அரை அச்சுகள் வெளிப்புறமாகச் சரியும். சக்கரத் தலைகள் வெளியே சாயும். வேகமாகத் திரும்புகையில் வெளிச்சக்கரத்தின் அடியைச் சாலை உள்நோக்கித் தள்ளுகிறது. சாய்த்து வைத்த கோலின் அடியை உள்ளே தள்ளினால் மேல்முனை எழும்புமல்லவா? அதுபோல வண்டியின் பின்புறம் மேலெழும். சக்கரம் இன்னும் அடியில் மடங்கும். பிடிப்பு குறைந்து வண்டி சுழலும், கவிழவும் கூடும். இக்குறையைப் போக்கவே 1970-இல் ஸ்பிட்ஃபயரின் வில்லை மாற்றியமைத்தார்கள். சென்னையில் 1972-இல் ஹெரால்டுக்குப் பின் வந்த கெஸல் காரில் ஒரே அச்சுக்கே திரும்பிவிட்டார்கள்.

நண்பர் முகம் வாடினாலும் பழைய அளவு டயரே வாங்கிவந்தார். மீண்டும் களிமண் ஒட்டி, இருவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அதே பள்ளத்தில் இறங்கி ஏறினோம். உருண்டைகள் நசுங்கவில்லை.