ஏலத்தில் படகு வாங்கப் போறீங்களா? முன்பணம் கட்டும் முன் இதைப் படிங்க!

"விசைப்படகு ஏலம், பாதி விலைக்குக் கிடைக்கும்!" இப்படி ஒரு தகவல் உங்கள் வாட்ஸ்அப்புக்கு வந்திருக்கலாம். உடனே நகையை அடகு வைக்கக் கிளம்பிடாதீங்க. ஏலத்தில் நல்ல படகும் கிடைக்கும். கடலுக்கே போக முடியாத படகும் கிடைக்கும். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியணும்.

கரையில் கிடந்த படகின் கதை

2022 பிப்ரவரி 7 முதல் 11 வரை காரைநகர், காங்கேசன்துறை, கிராஞ்சி, தலைமன்னார், கற்பிட்டி ஆகிய 5 இடங்களில் 105 தமிழகப் படகுகளை ஏலம் விடப்போவதாக இலங்கை அரசு அறிவித்தது. ராமேஸ்வரம் மக்களுக்கு அது மறக்க முடியாத செய்தி. மீட்க முடியாத 108 விசைப்படகுகளுக்குத் தலா 5 லட்சம், 17 நாட்டுப்படகுகளுக்குத் தலா 1.5 லட்சம் ரூபாய் என நம் அரசு நிவாரணம் அறிவித்தது.

ஏலத்துக்கு வரும் எந்தப் படகுக்கும் இதில் ஒரு பாடம் இருக்கு. வழக்கு முடியும்வரை வெயிலிலும் சேற்றிலும் கிடக்கும் படகில் பலகை வெடிக்கும், ஆணி துருப்பிடிக்கும், எஞ்சின் இறுகிப் போகும். பெயருக்குத்தான் படகு, உள்ளே விறகாகவும் இருக்கலாம்.

யார் ஏலம் விடுறாங்க?

கடத்தலில் பிடிபட்டுப் பறிமுதலான படகுகள், கடன் நிலுவைக்காக வரும் படகுகள், அரசுத் துறைகள் கழித்துவிட்ட படகுகள் எனப் பல வகை உண்டு. கடத்தலுக்குப் பயன்பட்ட படகைப் பறிமுதல் செய்ய 1962ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்திலேயே இடமிருக்கு. ஏல அறிவிப்பில் துறையின் பெயர், கோப்பு எண், படகைப் பார்வையிடும் நாள், முன்வைப்புத் தொகை எல்லாம் இருக்கணும். அந்த அலுவலகத்துக்கே நேரில் போய்க் கேளுங்க. தனிநபரின் ஜிபே எண்ணுக்குப் பணம் அனுப்பச் சொன்னால் அனுப்பாதீங்க. ஏமாந்துட்டீங்கன்னா உடனே 1930க்குப் போன் பண்ணுங்க.

பார்க்க வேண்டிய 4 விஷயங்கள்

1. பதிவு எண்: நம் மாவட்ட விசைப்படகில் 'ஐஎன்டி - டிஎன் - 10 - எம்எம்' என்று தொடங்கும் எண் இருக்கும். 10 என்பது ராமநாதபுரம். எம்எம் என்பது விசைப்படகு. படகில் எழுதியிருப்பதும் ஏலப் பட்டியலில் இருப்பதும் ஒன்றுதானா என்று பாருங்க.

2. உடல்: தெரிந்த ஓடாவி ஒருவரைக் கூட்டிட்டுப் போங்க. தண்ணீருக்குள் இருக்கும் பகுதியைத் தட்டிப் பார்ப்பார். அவருக்குக் கொடுக்கும் கூலி வீண் செலவு இல்லை.

3. எஞ்சின்: எண்ணைப் போட்டோ எடுத்துக்கோங்க. குதிரைத்திறனையும் கேளுங்க. 240 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட எஞ்சின் தமிழக விசைப்படகுகளுக்கு அனுமதி இல்லை.

4. நிபந்தனை: 'உள்ள இடத்தில், உள்ள நிலையில்' என்று போட்டிருந்தால், எடுத்த பிறகு குறை சொல்ல முடியாது. இழுத்துவரும் செலவும் உங்களுடையதுதான்.

முக்கியமான கேள்வி

"இந்தப் படகை என் பெயருக்கு மீன்பிடிப் படகாகப் பதிவு செய்ய முடியுமா?" ஏலத்துக்கு முன்பே மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் இதை எழுத்துப்பூர்வமாகக் கேளுங்க. பாக் நீரிணையில் இழுவலைப் படகுகளைக் குறைத்து ஆழ்கடல் மீன்பிடிப்புக்கு மாற்றும் திட்டமே 2017 முதல் நடக்குது. அதனால் 'வாங்கிட்டா பதிவு தானா வந்துடும்' என்று நினைக்காதீங்க. பதிவும் உரிமமும் இல்லாமல் டோக்கன் கிடைக்காது, மானிய டீசலும் கிடைக்காது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

உதாரணத்துக்கு, 4 லட்சத்துக்கு ஏலம் எடுக்கிறீங்க. பலகை வேலை 2 லட்சம், எஞ்சின் 1.5 லட்சம், இழுவைச் செலவு 50 ஆயிரம் என்றால் அங்கேயே 8 லட்சம். வரி தனி, வலை தனி. இந்த மொத்தத்தை முதலில் எழுதி, அதிலிருந்து உங்கள் அதிகபட்ச ஏலத் தொகையை முடிவு பண்ணுங்க. கூட்டத்தில் யார் ஏற்றிவிட்டாலும் அதைத் தாண்டாதீங்க.

ஏலம் எடுத்த பிறகு

ஏல உறுதி ஆணை, பணம் கட்டிய ரசீது, படகை ஒப்படைத்த சான்று, இந்த மூன்றையும் வாங்காமல் படகை எடுக்காதீங்க. இவற்றை ஸ்கேன் பண்ணி போனில் வைத்துக்கோங்க. பதிவு, உரிமம், பெயர் மாற்றத்துக்கு 'ரியல்கிராஃப்ட்' இணையதளம் இருக்கு. வழி தெரியாவிட்டால் மீன்துறை அலுவலகத்தில் கேளுங்க.

இன்னொன்று: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். எல்லோரும் படகைக் கரையேற்றி மராமத்து பார்ப்பது அப்போதுதான். ஓடாவிகள் கிடைப்பது கஷ்டம். மார்ச்சிலேயே சொல்லி வைத்துவிடுங்க.

படகு ஒரு குடும்பத்தின் சோறு. விலை குறைவு என்பதைவிட, அது கடலுக்குப் போய்த் திரும்பி வருமா என்பதுதான் கணக்கு. அதைப் பார்த்துட்டுக் கையைத் தூக்குங்க!