முதலில் காலடியைப் பாருங்கள்

மேசைமேல் ஆடும் போர் விளையாட்டில் படை பெரிதாக இருந்தால், பொம்மைகளின் வண்ணத்தில் உள்ள குறை கூட்டத்தில் மறைந்துபோகும். சிறு மோதல் ஆட்டங்களில் அந்தச் சலுகை கிடையாது. 1999இல் கேம்ஸ் வொர்க்‌ஷாப் வெளியிட்ட மார்ட்ஹைமை எடுத்துக்கொண்டாலும் சரி, ஜோசப் மெக்கல்லோ எழுதி 2015இல் வந்த ஃப்ராஸ்ட்கிரேவை எடுத்துக்கொண்டாலும் சரி, ஒரு தரப்புக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய பொம்மைகள்தான். ஃப்ராஸ்ட்கிரேவில் ஒரு மந்திரவாதி, ஒரு சீடன், அதிகம் போனால் எட்டுக் கூலிவீரர்கள். ஆட்டம் முடியும்வரை எதிராளியின் கண் அவர்கள் மேலேயே இருக்கும்.

தியாகதுருகம், கள்ளக்குறிச்சி, சின்னசேலம் பக்கம் இருந்துகொண்டு இந்தப் பொம்மைகளுக்கு வண்ணம் பூச இறங்குபவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தக் கலையைக் கற்றுத்தரும் காணொளிகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டில் எடுக்கப்பட்டவை. அங்குள்ள பெயின்ட் நம் வெயிலில் பிரஷ்ஷிலேயே காயும். அங்குள்ள பசும்புல் பீடம் நம் கண்ணுக்கு எப்போதும் கடையில் வாங்கியதுபோலவே தெரியும். முறையை எடுத்துக்கொள்ளுங்கள். பொருளையும் நேரத்தையும் நிறத்தையும் இங்கிருந்தே முடிவு செய்யுங்கள்.

பலர் முகத்தில் தொடங்குகிறார்கள். நான் பீடத்தில் தொடங்கச் சொல்வேன். 28 மி.மீ. அளவுப் பொம்மையின் முகம் பட்டாணி அளவுகூட இராது. மூன்றடி தள்ளி நின்றால் முதலில் கண்ணில் படுவது அது நிற்கும் தரைதான். வெவ்வேறு நிறுவனங்களிடம் வாங்கிய பத்துப் பொம்மைகளுக்கு ஒரே மாதிரித் தரை அமைத்துவிட்டால் அவை ஒரு கூட்டமாகிவிடும்.

பழைய பொம்மைகளுக்குப் பீடம் மாற்ற வேண்டிய கட்டாயமும் பலருக்கு உண்டு. வார்ஹாமர் ஃபேன்டஸி பொம்மைகள் முன்பு சதுரப் பீடத்தில் நின்றன. 2015இல் அதற்குப் பதிலாக ஏஜ் ஆஃப் சிக்மார் ஆட்டம் வந்தபோது பீடங்கள் வட்டமாயின. 2024இல் வந்த ஓல்டு வேர்ல்டு ஆட்டத்துக்கு மறுபடி சதுரம். சிறு மோதல் ஆட்டத்துக்கு வட்டமே வசதி. சாதாரண மனித உருவுக்கு 25 மி.மீ., தோள் அகன்ற உருவுக்கு 32 மி.மீ. போதும். பல ஆட்டங்களில் தூரத்தைப் பீடத்தின் விளிம்பிலிருந்து அளப்பதால், அளவை மாற்றுமுன் கூட ஆடுபவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பழைய பீடத்தைக் கழற்றுவது எளிது, பொறுமை இருந்தால். ஃபெவிக்விக் போன்ற பசையில் ஒட்டிய உலோகப் பொம்மையை ஓர் இரவு ஃப்ரீசரில் வையுங்கள். குளிரில் அந்தப் பசை நொறுங்கும் தன்மை பெறும். மறுநாள் லேசாகத் திருகினால் விட்டுவிடும். பிளாஸ்டிக் சிமென்ட்டில் ஒட்டியது அப்படி வராது. அது பிளாஸ்டிக்கையே கரைத்து ஒன்றாக்கியிருக்கும். அங்கே காலை வெட்டாதீர்கள், பீடத்தை வெட்டுங்கள். பாதத்தோடு ஒரு துண்டு ஒட்டிக்கொண்டு நின்றால் மண்ணுக்குள் மறைத்துவிடலாம். புதுப் பீடத்தில் நிறுத்தும்போது உலோக உருவுக்கு வெறும் பசை போதாது. பாதத்தில் ஒரு மி.மீ. துளை போட்டு, ஜெம் கிளிப்பை வெட்டிச் செருகி, அதை ஆணிபோல் பீடத்தில் இறக்குங்கள்.

பீடத்துக்கு லேசரில் வெட்டிய எம்.டி.எஃப். தகடு மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் தண்ணீர் கலந்த ஃபெவிகாலைத் தடவியதும் அது ஒரு பக்கமாக வளையும். இரண்டு பக்கமும் முன்கூட்டியே வார்னிஷ் பூசிவிட்டால் வளையாது. பாறைக்கு எம்-சீல் நன்றாக வரும். அதன் இரு பகுதிகளையும் சேர்த்துப் பிசைந்து, உடைத்த கருங்கல் சில்லை அதில் அழுத்தி எடுத்தால் கல்லின் சொரசொரப்பு அப்படியே பதியும். சீக்கிரம் இறுகிவிடும் என்பதால் ஒரு தடவைக்கு இரண்டு மூன்று பீடத்துக்கு மேல் பிசைய வேண்டாம். மண்ணுக்கு ஆற்றுமணலைக் கழுவிக் காயவைத்துத் தேநீர் வடிகட்டியில் சலித்துக்கொள்ளுங்கள். காய்ந்த புல்லுக்குத் தேங்காய் நார். செடித் தூளுக்கு மரத்தூளை வண்ணத்தில் ஊறவைத்துக் காயவைக்கலாம்.

மரத்தூளுக்கு நம் ஊரில் பஞ்சமா? கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. பட்டறையில் கேட்டால் மிச்சத் துண்டுகளும் கிடைக்கும். முக்கியமான உருவைக் காட்சிக்கு வைக்க ஒரு கட்டைப் பீடம் செய்துகொள்ளலாம்.

கடுகு, கசகசா, ரவை, காய்ந்த தேயிலை ஆகியவற்றைப் பீடத்தில் ஒட்டச் சொல்லும் யோசனைகளும் வரும். செய்யாதீர்கள். முதல் மூன்றுக்கும் எறும்பு வரும். தேயிலை ஐப்பசி ஈரத்தில் பூஞ்சணம் பூக்கும்.

நிறத்துக்குத் தியாகதுருகம் கோட்டை மலையையே பாருங்கள். கர்நாடகப் போர்களில் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் மாறிமாறிக் கண் வைத்த கோட்டை. பிறகு மைசூர்ப் படைகளின் முற்றுகையையும் பார்த்தது. மந்திரவாதிகளும் கூலிவீரர்களும் புதையலுக்கு அடித்துக்கொள்ள இதைவிடப் பொருத்தமான களம் வெளிநாட்டுப் புத்தகத்தில் எங்கே இருக்கிறது? அங்கிருந்து கல்லைப் பெயர்த்து வர வேண்டாம். காலையிலும் சாயங்காலமும் நின்று பார்த்து நிறத்தை மட்டும் கொண்டுவாருங்கள். பாறை என்றதும் கறுப்பையும் வெள்ளையையும் கலந்து சாம்பல் பூசுகிறோம். நம் பாறையில் பழுப்பு ஓடுகிறது, மழைநீர் வழிந்த இடங்களில் கரும்பட்டைகள் இறங்குகின்றன. கறுப்போடு பர்ன்ட் அம்பர் கலந்து அடி வண்ணம் கொடுங்கள். காய்ந்தபின் சாம்பலில் துளி யெல்லோ ஓக்கர் சேர்த்து, பிரஷ்ஷைத் துணியில் நன்றாகத் துடைத்துவிட்டு, மேடுகளை மட்டும் உரசுங்கள். கடைசியில் நீர்த்த கறுப்பை மேலிருந்து கீழாக இரண்டு மூன்று கோடாக இழுத்தால் முடிந்தது. செம்மண்ணுக்குப் பர்ன்ட் சியன்னா. கல்வராயன் மலைக் காடு வேண்டுமென்றால் மண்ணை இன்னும் கருமையாக்கி, சருகையும் பச்சையையும் கூட்டுங்கள். பாறையை உயரமாகக் கட்டாதீர்கள். ஆட்டத்தில் படிக்கட்டிலும் மதில்மேலும் நிற்க வேண்டிய பொம்மை கவிழ்ந்துவிடும்.

இனி பொம்மை. பழைய வண்ணத்தை உரிக்க டெட்டால் உதவும். நீர் கலக்காமல், பிளாஸ்டிக் அல்லது உலோகப் பொம்மையை ஒரு நாள் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேயுங்கள். முதல் கழுவலும் டெட்டாலிலேயே இருக்க வேண்டும். பாதியில் தண்ணீர் பட்டால் உரிந்த வண்ணம் பிசுபிசுவென்று திரும்ப அப்பிக்கொள்ளும். கையுறை அவசியம். நகப்பூச்சு நீக்கியைப் பிளாஸ்டிக் பக்கமே கொண்டுபோகாதீர்கள், கரைந்துவிடும். பழைய உலோகப் பொம்மைகளில் ஈயம் இருக்கலாம். தேய்த்த கையோடு சாப்பிட உட்கார வேண்டாம்.

பலகை விளையாட்டுப் பெட்டிகளில் வரும் மெத்தென்ற பி.வி.சி. பொம்மைகளில் வாள் வளைந்திருந்தால் கொதிநீரில் சில விநாடி முக்கி, நிமிர்த்தி, உடனே குளிர்நீரில் போடுங்கள். இவற்றுக்கு ஸ்பிரே பிரைமர் ஆகாது; சிலவற்றில் மாதக்கணக்கில் காயாமல் பிசுபிசுவென்றே இருக்கும். அக்ரிலிக் பிரைமரைப் பிரஷ்ஷால் பூசுங்கள். கெட்டிப் பிளாஸ்டிக்குக்கு ஸ்பிரே சரி, ஆனால் நேரம் பார்க்க வேண்டும். சித்திரை நடுப்பகலில் அடித்தால் துளிகள் வழியிலேயே காய்ந்து மணல்போல் படியும். வடகிழக்குப் பருவமழை ஈரத்தில் அடித்தால் வெள்ளையாகப் பனி படர்ந்தாற்போல் ஆகும். பனி விலகி வெயில் ஏறாத காலை வேளையே நல்லது.

வண்ணத்துக்கு வெளிநாட்டு பாட்டில்தான் வேண்டும் என்பதில்லை. கேம்லின், ஃபெவிக்ரில் அக்ரிலிக்குகளில் நல்ல வேலை வரும்; நிறமித் துகள் சற்றுப் பெரிது என்பதால் நீர்க்க வைத்து இரண்டு மூன்று பூச்சாகக் கொடுங்கள். ஒரே பூச்சில் மூடப் பார்த்தால் முகத்தின் மடிப்புகள் அடைந்துபோகும். காயும் வேகத்தைக் குறைக்க, மூடியுள்ள டப்பாவில் நனைத்த ஸ்பாஞ்சும் அதன்மேல் பட்டர் பேப்பரும் வைத்து அதில் வண்ணம் கலக்குங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்காருங்கள்.

கண் விஷயத்தில் ஒரு மாற்றுக் கருத்து உண்டு. மரபில் சிலைக்குக் கண் திறப்பது கடைசி வேலை. இந்தப் பொம்மைகளில் நான் கண்ணை முதலிலேயே முடித்துவிடச் சொல்வேன். பிரஷ் வழுக்கினால் சுற்றியுள்ள தோல் நிறத்தால் திருத்தலாம். கன்னமெல்லாம் முடிந்தபின் வழுக்கினால் முழு முகமும் போச்சு.

ஆட்டத்துக்குக் கொண்டுபோகும்போது பீடத்தின் அடியில் சின்னக் காந்தம் ஒட்டிக்கொள்ளுங்கள். எவர்சில்வர் சம்படத்தை நம்ப வேண்டாம், பெரும்பாலானவற்றில் காந்தம் பிடிக்காது. பழைய பிஸ்கட் தகரப் பெட்டி போதும். உளுந்தூர்பேட்டை வரை பஸ்ஸில் குலுங்கினாலும் ஒன்றும் ஆகாது.

மந்திரவாதியைக் கடைசிக்கு வையுங்கள். பெட்டியில் இருப்பதிலேயே சாதாரணமான கூலிவீரன் ஒருவனை எடுத்து, இந்த ஞாயிற்றுக்கிழமை அவனுக்குத் தரை போடுங்கள்.