கிள்ளானுக்கும் புயல் வருமா?

கேள்வி: ஐயா, கிள்ளானில் ஆற்றோரத் தாமான் ஒன்றில், மேல்மாடி இல்லாத வீட்டில் இருக்கிறோம். மலேசியாவுக்குப் புயல் வராது என்று கேட்டே வளர்ந்தவள் நான். 2025 நவம்பரில் செனியார் புயல் சிலாங்கூருக்கே வந்துவிட்டது. இனி சென்னை போல நமக்கும் புயல் வருமா? மாமியார் நடக்க முடியாதவர், இன்சுலின் போடுகிறார். எப்படித் தயாராவது?
– வாசகி, கிள்ளான்

பதில்: சகோதரி, சென்னையைத் தாக்குவது போன்ற பெரும்புயல் நம் பக்கம் வருவது மிக அரிது. காரணம், புயல் பிறக்கும் விதம்தான். கடல்நீர் 26, 27 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால் ஈரக்காற்று மேலெழும்பி மழை மேகமாகிறது. அப்போது வெளிப்படும் வெப்பம் மேலும் காற்றை உயர்த்த, கீழே அழுத்தம் குறைந்து சுற்றுப்புறக் காற்று உள்ளே பாய்கிறது. அதைச் சுழல வைப்பது பூமியின் சுழற்சி. நிலநடுக்கோட்டருகே அந்தச் சுழற்றும் விசை மிகக் குறைவு. கிள்ளான் இருப்பதோ ஏறக்குறைய 3 பாகை வட அட்சத்தில்.

ஆனாலும் விதிவிலக்கு உண்டு. 2001 டிசம்பரில் வாமெய் புயல் சுமார் 1.5 பாகையிலேயே உருவாகி ஜொகூரில் கரையேறியது. செனியார் மலாக்கா நீரிணையில் பிறந்து, சுமத்ராவில் பேரழிவை உண்டாக்கிவிட்டு இங்கே திரும்பியது.

நீங்கள் அஞ்ச வேண்டியது காற்றுக்கல்ல, மழைக்கு. 2021 டிசம்பர் 16 அன்று குவாந்தான் அருகே கரையேறியது புயல்கூட அல்ல, வெறும் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். அடுத்த இரண்டு மூன்று நாளில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் மேல்மாடியிலும் கூரையிலும் ஏறிப் படகுக்குக் காத்துக் கிடந்தார்கள். கோலாலம்பூரில் ஒரு மாத மழை ஒரே நாளில் கொட்டியது. அங்கே பிரிக்பீல்ட்ஸைத் தொட்டு ஓடும் அதே கிள்ளான் ஆறுதான் உங்கள் ஊர் வழியே கடலுக்குப் போகிறது. அந்நேரம் கடல் பெருக்கும் சேர்ந்துவிட்டால் ஆற்றுநீர் வடிய வழியில்லை. ஆகவே 'புயல்' என்ற அறிவிப்புக்காகக் காத்திராதீர்கள்.

வானிலைத் துறையான மெட்மலேசியாவின் தொடர்மழை எச்சரிக்கை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என ஏறும். மற்றவர்கள் எப்படியோ, உங்கள் வீட்டுக்கு ஆரஞ்சே கிளம்பும் நேரம். நடக்க முடியாதவரை முழங்கால் தண்ணீரில் தூக்கிக்கொண்டு போவது எவ்வளவு சிரமம் என்று யோசித்துப் பாருங்கள். வெளிச்சம் இருக்கும்போதே மேட்டிலுள்ள உறவினர் வீட்டுக்கோ தற்காலிக நிவாரண மையத்துக்கோ போய்விடுங்கள். யார் வீடு, எந்த வழி என்பதை இன்றே பேசி முடிவு செய்யுங்கள்.

இன்சுலினில் பலர் தடுமாறுகிறார்கள். பயன்பாட்டில் உள்ள பேனா பொதுவாக நான்கு வாரம்வரை அறை வெப்பத்தில் தாங்கும். உங்கள் மருந்தின் தாளில் கால அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். திறக்காததைக் குளிர்ப்பையில் துணி சுற்றி வையுங்கள். ஐஸ் நேராகப் பட்டு உறைந்தால் மருந்து வீண். ஊசி, சர்க்கரை பார்க்கும் கருவி, கிளினிக் அட்டை, மைகார்டு, பிறப்புப் பத்திரம் எல்லாம் நீர் புகாத ஒரே பையில் இருக்கட்டும்.

தண்ணீர் வாசலுக்கு வருமுன் மெயின் சுவிட்சை அணையுங்கள். ஈரக்காலோடு அதைத் தொடவே கூடாது. வெள்ளம் ஓடும் சாலையில் காரை இறக்காதீர்கள். ஓரடி நீரே சிறிய காரை மிதக்க வைத்துவிடும். சிக்கிக்கொண்டால் 999.

நீர் வடிந்தபின் பூட்ஸ், கையுறை இல்லாமல் சேற்றைக் கழுவாதீர்கள், எலிக்காய்ச்சல் வரலாம். வயரிங்கை எலெக்ட்ரீஷியன் பார்க்கும்வரை மின்சாரத்தைப் போடாதீர்கள்.