காரின் ஸ்பார்க் பிளக்கை வீட்டிலேயே மாற்றுதல்

மோட்டார் சைக்கிளின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டத் தெரியாத இளைஞர் நம் கிராமங்களில் மிகச் சிலரே. அந்தத் துணிவோடு காரிலும் கைவைக்கும்போதுதான் இடர் நேருகிறது. சென்ற கோடையில் மேலூர்ப் பக்கத்து ஊராட்சி உறுப்பினர் ஒருவர், மதுரைக்குப் போய்வந்த சூட்டோடு தம் பெட்ரோல் காரின் பிளக்கைத் திருகினார். பிளக்கோடு மரையும் பெயர்ந்து வந்துவிட்டது. ஒரு மணி நேர வேலை, சிலிண்டர் ஹெட்டையே கழற்றும் செலவில் முடிந்தது. இக்கால எஞ்சின்களில் அந்த ஹெட் அலுமினியத்தால் ஆனது. சூட்டில் திருகினால் மரை எளிதில் கெடும். ஆதலின் இரவு முழுதும் வண்டியை நிறுத்திவைத்துக் காலையில் தொடங்குவதே முறை. (டீசல் வண்டிக்கு இக்கட்டுரை பொருந்தாது, அதில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது.)

இன்றைய கார்கள் பலவற்றில் பிளக் ஆழமான குழியினுள் இருக்கும். அதன் தலைமேல் காயில் ஒன்று அமர்ந்திருக்கும். பாட்டரியின் நெகடிவ் இணைப்பை நீக்கியபின், காயிலை மெல்ல உருவி எடுக்கவேண்டும். அடுத்த வேலையைப் பலர் மறந்துவிடுகின்றனர். நம் சமவெளியின் செம்மண் தூசு அக்குழியில் படிந்திருக்கும். பிளக்கைத் தளர்த்துமுன் காற்றடித்து அதனை வெளியேற்றாவிடில், அத்தனையும் சிலிண்டருக்குள் விழும். ஒன்றை மாற்றி முடித்த பின்னரே அடுத்ததைத் தொடுக.

பிளக்கைக் கண்டபடி வாங்குதல் கூடாது. வண்டிக் கையேட்டில் குறித்த எண்ணுள்ளதே வேண்டும். இரிடியம் பிளக்கின் முனை மெல்லியது. அதை அரத்தால் தேய்த்தலோ, தட்டி இடைவெளியைச் சரிசெய்தலோ தவறு.

புதிய பிளக்கின் மேல்முனையில் ரப்பர்க் குழாய்த் துண்டு ஒன்றைச் செருகி, அதைக் கொண்டு சுழற்றி இறக்குக. மரை கோணலாக ஏறினால் குழாய் வழுக்கிக் காட்டிக்கொடுக்கும், ஸ்பானரோ காட்டாது. டார்க் ஸ்பானர் இருப்பின் கையேட்டு அளவுக்கு முறுக்கலாம். இல்லையெனில், வாஷர் உள்ள புதிய பிளக்கைக் கையால் இறுகியபின் ஏறத்தாழ அரைச் சுற்று முறுக்கினால் போதும். வாஷரில்லாத கூம்பு வகைக்குப் பதினாறில் ஒரு பங்கு சுற்றே அளவு.

பழைய பிளக்கை எறிவதற்குமுன் அதன் முனையை நோக்குக. வெளிர்பழுப்பாயின் எஞ்சின் நலம். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதியாகச் செல்கிறதெனக் கொள்ளலாம். எண்ணெய்ப்பசை கண்டால் புதிய பிளக்கும் விரைவில் அவ்வாறே ஆகும். வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டுசெல்லும்போது அப்பழைய பிளக்கையும் உடன் எடுத்துச் செல்க.