வீட்டில் பிரசவம்: கணவர் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: இங்கிலாந்தில் வசிக்கிறோம். மனைவிக்கு இது இரண்டாவது பிரசவம். முதல் குழந்தை ஆஸ்பத்திரியில் சுகப்பிரசவமாகப் பிறந்தது. இந்த முறை வீட்டிலேயே பெற்றுக்கொள்ள ஆசைப்படுகிறார். பிரசவம் பார்க்கும் மிட்வைஃபும் சம்மதித்துவிட்டார். எனக்குத்தான் கை கால் ஓடவில்லை. நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: பிரசவம் பார்ப்பது உங்கள் வேலை இல்லை. அதற்காகத்தான் அரசு மருத்துவ சேவையான என்.ஹெச்.எஸ். கட்டணம் வாங்காமல் மிட்வைஃபை வீட்டுக்கு அனுப்புகிறது. குழந்தை பிறக்கும் நேரத்தில் பெரும்பாலும் இருவர் இருப்பார்கள். ரத்தப்போக்கை நிறுத்தும் மருந்தும், குழந்தைக்கு மூச்சு கொடுக்கும் கருவியும் அவர்களோடு வரும். உங்களுக்கு இரண்டே பொறுப்புகள்: மனைவியின் நிம்மதி கெடாமல் பார்ப்பது, ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப நேர்ந்தால் தாமதம் ஆகாமல் பார்ப்பது.

இங்கிலாந்தில் சுமார் 64,000 பிரசவங்களை ஆராய்ந்து 2011-ல் ‘பர்த்பிளேஸ்’ என்ற ஆய்வு வெளியானது. சிக்கல் ஏதும் எதிர்பார்க்கப்படாத கர்ப்பமாக இருந்து, ஏற்கெனவே பிள்ளை பெற்றவர் என்றால், வீட்டுப் பிரசவத்தால் குழந்தைக்கு ஆபத்து குறிப்பிடும்படி கூடவில்லை என்றது அது. தலைப்பிரசவத்தில் அப்படி இல்லை. குழந்தைக்குக் கடும் பாதிப்பு நேர்ந்தது ஆஸ்பத்திரியில் ஆயிரத்துக்கு 5.3, வீட்டில் 9.3. வீட்டில் தொடங்கி, பிரசவத்தின்போதோ முடிந்த உடனேயோ ஆஸ்பத்திரிக்கு மாற்றப்பட்டவர்கள் தலைப்பிரசவத்தில் 45 சதவீதம். அடுத்த பிரசவங்களில் 12 சதவீதம். உங்கள் வீட்டிலும் ஏறத்தாழ எட்டில் ஒரு வாய்ப்பு இருக்கிறது என்று வைத்துக்கொண்டு தயாராகுங்கள்.

வலி எடுப்பதற்கு முன்

ஆஸ்பத்திரிப் பையும் குழந்தைக்கான கார் சீட்டும் வாசலருகே இருக்கட்டும். போஸ்ட்கோடு, வீட்டு எண், மிட்வைஃபின் எண் மூன்றையும் பெரிதாக எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். பதற்றத்தில் சொந்த முகவரியே மறந்துபோகும். நடுராத்திரியில் கூப்பிட்டாலும் வந்து மூத்த பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். பிரசவத்துக்குத் தண்ணீர்த் தொட்டி வாடகைக்கு எடுப்பதானால் ஒரு தடவை நிரப்பிப் பாருங்கள்: குழாயில் ஹோஸ் பொருந்துகிறதா, சுடுதண்ணீர் போதுமா என்பது முன்பே தெரிந்துவிடும். தண்ணீரின் சூடு 37.5 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. மிட்வைஃப் பற்றாக்குறையால் கடைசி நேரத்தில் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்வதும் உண்டு. அதையும் மனைவியிடம் பேசி வையுங்கள்.

ஊரிலிருந்து அத்தை வந்திருந்தால், மிட்வைஃப் வீட்டுக்கு வரும் நாளில் அவரையும் உட்காரவைத்துக் கேட்கச் சொல்லுங்கள். பயம் பாதி தெளியும். சொந்தக்காரர்களுக்குத் தகவல் சொல்லும் வேலையைத் தம்பியிடமோ நண்பரிடமோ விட்டுவிடுங்கள். “ஆச்சா? ஆச்சா?” என்று சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வரும் போன் எதுவும் மனைவியின் காதில் விழக் கூடாது.

வலி எடுத்த பிறகு

விளக்கைக் குறையுங்கள். வலி ஏறும்போது பேசாதீர்கள். முதுகுத்தண்டு முடியும் இடத்தில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, உடம்பைச் சாய்த்து, வலி இறங்கும்வரை அழுத்திப் பிடியுங்கள். தேய்க்க வேண்டாம். “இன்னும் கீழே” என்றால் கீழே. “எடு” என்றால் உடனே எடுத்துவிடுங்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள். வலி விட்டதும் ஸ்ட்ரா போட்ட தம்ளரை உதட்டருகே நீட்டுங்கள், வேண்டுமென்றால் குடிப்பார். அவ்வப்போது சிறுநீர் கழிக்க அழைத்துப்போங்கள். நீங்களும் ஏதாவது சாப்பிடுங்கள்.

மிட்வைஃப் வருவதற்குள் குழந்தை வந்துவிட்டால் அவசர உதவி எண்ணான 999-ஐ அழைத்து ஸ்பீக்கரில் போடுங்கள். என்ன செய்வதென்று மறுமுனையில் இருப்பவர் சொல்லிக்கொண்டே இருப்பார். வாசல் கதவைத் திறந்து வையுங்கள். குழந்தையை இழுக்காதீர்கள், வரும்போது தாங்குங்கள். சூடான துண்டால் நன்றாகத் துடைத்து, தாயின் மார்பில் தோலோடு தோல் படும்படி போட்டு, இருவரையும் சேர்த்துப் போர்த்துங்கள். தொப்புள்கொடியை வெட்டவும் கூடாது, இழுக்கவும் கூடாது. நஞ்சுக்கொடி தானாக வந்தால் ஒரு பாத்திரத்தில் வையுங்கள், மிட்வைஃப் பார்க்க வேண்டும்.

பனிக்குட நீர் பச்சையாகவோ பழுப்பாகவோ வருவது, குழந்தையின் அசைவு குறைவது, கடும் தலைவலியோடு பார்வை மங்குவது: இவற்றில் எது தெரிந்தாலும் மிட்வைஃபிடம் உடனே சொல்லுங்கள். ரத்தம் கொட்டினாலோ, தொப்புள்கொடி முதலில் வெளியே தெரிந்தாலோ 999-தான்.

ஊரில் இருப்பவர்களுக்கு

இந்த யோசனைகள் மிட்வைஃபும் ஆம்புலன்ஸும் பின்னால் நிற்கும் ஏற்பாட்டுக்கு மட்டுமே. தமிழ்நாட்டில் அப்படி வீட்டுக்கு வரும் சேவை இல்லை. 2018-ல் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டில் நடத்திய பிரசவத்தில் ஓர் இளம் ஆசிரியை ரத்தப்போக்கால் இறந்தார். அங்கே வலி எடுத்தால் 108 ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

உங்களுக்குக் கடைசியாக ஒன்று. “ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம்” என்று மனைவி சொன்னால், “இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாமே” என்று சொல்லிவிடாதீர்கள். காரணம்கூடக் கேட்க வேண்டாம். மிட்வைஃபிடம் சொல்லிவிட்டுப் பையை எடுங்கள்.